மறுமுறை எழுதும் தேர்வு: மேலாண்மைக் கல்வியின் வாயிலும் ஓராண்டின் விலையும்

பெங்களூரின் நீலசந்திராவிலிருந்து லாங்ஃபோர்டு சாலைக்கு நடந்தே சென்றுவிடலாம். 1973ஆம் ஆண்டில் பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகம் தன் பணியைத் தொடங்கியது அந்தச் சாலையில்தான். இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், பாரத் எலெக்ட்ரானிக்ஸ், இந்திய தொலைபேசித் தொழிலகம், எச்.எம்.டி. எனப் பொதுத்துறைப் பெருந்தொழில்கள் நிறைந்திருந்த நகரத்துக்கு, அத்துறையை நடத்தத் தெரிந்த நிர்வாகிகளை உருவாக்கித் தருவது கழகத்தின் தொடக்ககால நோக்கங்களுள் முதன்மையானது. பின்னர், கர்நாடக அரசு வழங்கிய 100 ஏக்கர் நிலத்தில் கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி வடிவமைத்த கல் வளாகம் எழுந்தது. கழகம் பன்னேர்கட்டா சாலைக்குக் குடிபெயர்ந்தது. நீலசந்திராவுக்கும் கழகத்துக்கும் இடையே இன்று சில கிலோமீட்டர் தொலைவுதான் இருக்கிறது. ஆயினும் நீலசந்திராவின் பட்டதாரி ஒருவர் அந்த வளாகத்துக்குள் மாணவராக நுழைய வேண்டுமாயின், நவம்பர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று கணினி ஒன்றின் முன் இரண்டு மணி நேரம் அமர்ந்தாக வேண்டும். 'கேட்' எனப் பெயர் பெற்ற பொது நுழைவுத் தேர்வு அது.

அத்தேர்வை ஒருமுறை எழுதி, எதிர்பார்த்த இடம் கிட்டாது, மறு ஆண்டும் எழுதலாமா என எண்ணுவோர் ஒவ்வோர் ஆண்டும் ஏராளமாக உள்ளனர். மறுமுறை எழுதுவதால் யாருக்குப் பயன், எவ்வளவு பயன், அதற்குக் குடும்பமும் நாடும் தரும் விலை என்ன என்பவை மாணவர்கள் மட்டுமன்றிக் கல்வித் துறை அலுவலர்களும் ஆராயத்தக்க வினாக்களாகும்.

தேர்வு வந்த வழி

வணிக மேலாண்மைக் கல்விக்கெனப் பொதுத் தேர்வு ஒன்றை நடத்தும் வழக்கம் அமெரிக்காவில் பிறந்தது. 1953இல் ஒன்பது வணிகக் கல்வி நிலையங்களின் பிரதிநிதிகள் கூடி எடுத்த முடிவின்படி, எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் என்னும் அமைப்பு 1954இல் முதல் தேர்வை நடத்தியது. 1976இல் அது 'ஜிமேட்' என்னும் இன்றைய பெயரைப் பெற்றது. வெவ்வேறு பல்கலைக்கழகங்கள் வெவ்வேறு அளவுகோல்களில் அளித்த மதிப்பெண்களை ஒப்பிட இயலாத நிலையில், எல்லோரையும் ஒரே கோலால் அளக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

இந்தியாவில் கல்கத்தா, அகமதாபாத் கழகங்கள் இரண்டும் 1961இல் நிறுவப்பட்டன. முன்னது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்லோன் பள்ளியுடனும், பின்னது ஹார்வர்டு வணிகப் பள்ளியுடனும் ஒத்துழைத்து வளர்ந்தன. இவ்விரண்டின் வெற்றியைக் கண்ட ரவி மத்தாய் தலைமையிலான குழு 1972இல் மேலும் கழகங்களை அமைக்கப் பரிந்துரைத்ததன் விளைவே பெங்களூர்க் கழகம். 2017ஆம் ஆண்டின் இந்திய மேலாண்மைக் கழகங்கள் சட்டம் 2018 ஜனவரி இறுதியில் நடைமுறைக்கு வந்தபின், இவை தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்களாயின. பட்டயத்துக்குப் பதில் பட்டமே வழங்கும் உரிமையும் பெற்றன. இன்று இவற்றின் எண்ணிக்கை 20ஐத் தாண்டிவிட்டது. தேர்வை ஆண்டுதோறும் கழகங்களுள் ஒன்று முறைவைத்து நடத்துகிறது.

2024ஆம் ஆண்டுத் தேர்வைக் கல்கத்தாக் கழகம் நடத்தியது. அதற்குப் பதிவு செய்தோர் 3.29 லட்சம் பேர், எழுதியோர் 2.93 லட்சம் பேர். பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு அதில் பாதி. கட்டணத்தைச் செலுத்திய பின்னும் ஏறத்தாழ 36,000 பேர் தேர்வுக் கூடத்துக்கு வரவில்லை என்பது இக்கணக்கிலிருந்து பெறப்படும். ஆயத்தம் போதாது என்று அஞ்சி, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என விலகியோரும் அவர்களுள் இருந்திருப்பர்.

இத்தேர்வுக்கு வயது வரம்பு இல்லை. எத்தனை முறை எழுதலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. குடிமைப் பணித் தேர்வில் பொதுப் பிரிவினருக்கு 6 வாய்ப்புகளும் பிற்படுத்தப்பட்டோருக்கு 9 வாய்ப்புகளும்தான் உள்ளன என்பதோடு ஒப்பிட, இது தாராளமான ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் தேர்வு ஆண்டுக்கு ஒருமுறைதான் நடைபெறுகிறது. அதன் மதிப்பெண் அடுத்த ஆண்டின் சேர்க்கைக்கு மட்டுமே செல்லும். எனவே வாய்ப்புகள் எண்ணற்றவை என்றாலும், ஒவ்வொன்றுக்கும் வாழ்நாளில் ஓராண்டைத் தர வேண்டியிருக்கிறது.

சதமானம் என்னும் அளவுகோல்

தேர்வு முடிவில் மாணவர் காண்பது சதவிகிதம் அன்று; சதமானம். இரண்டையும் ஒன்றெனக் கருதும் பிழை பட்டதாரிகளிடமும் காணப்படுகிறது. 90 சதமானம் பெற்றவர் நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் பெற்றவரல்லர். எழுதியோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேலே நிற்பவர். 2024இல் வினாக்கள் 68. சரியான விடை ஒன்றுக்கு 3 மதிப்பெண் வீதம் முழு மதிப்பெண் 204. இதில் பாதிக்குச் சற்றேறக்குறைய நிற்பவர்களே மிக உயர்ந்த சதமானத்தை எட்டிவிடும் அளவுக்கு வினாத்தாள் கடினமாக அமைக்கப்படுகிறது.

2.93 லட்சம் பேர் எழுதிய தேர்வில் 90 சதமானம் பெற்றவருக்கு மேலே ஏறத்தாழ 29,300 பேர் நிற்கின்றனர். 95 சதமானத்துக்கு மேலே 14,650 பேர், 99க்கு மேலே 2,930 பேர், 99.5க்கு மேலே 1,465 பேர். இவ்வெண்களை முன்வைத்து மறுமுறை எழுதுவோர் தம் கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். வரிசையின் நடுப்பகுதியில் கூட்டம் நெருக்கமானது. அங்கு நிற்பவர் கூடுதலாக இரண்டு மூன்று வினாக்களுக்குச் சரியாக விடையளித்தால் பல்லாயிரம் பேரைக் கடந்துவிடுகிறார். உச்சியில் கூட்டம் மெலிந்து விடுகிறது. அங்கு அதே இரண்டு மூன்று வினாக்கள் சில நூறு பேரைத்தான் கடக்கச் செய்யும். ஆகவே 60இலிருந்து 75க்கு ஏறுவது ஓராண்டு உழைப்பில் பலருக்கும் கைகூடக்கூடியது. 97இலிருந்து 99க்கு ஏறுவது அதனினும் அரிது. எளிதான ஏற்றம் எங்கு நிகழ்கிறதோ அங்கு அதனால் கிடைக்கும் இடங்கள் குறைவு என்பதே இதிலுள்ள சங்கடம். பொதுப் பிரிவில் 75 சதமானம் முதல்நிலைக் கழகங்களின் அழைப்பைப் பெற்றுத் தராது. கழகங்கள் அறிவிக்கும் குறைந்தபட்சத் தகுதிச் சதமானம் வேறு, உண்மையில் நேர்காணலுக்கு அழைக்கப்படுவோரின் சதமானம் வேறு. முன்னதைப் பார்த்து நம்பிக்கை கொண்டு ஓராண்டை ஒதுக்குவோர் ஏமாற்றமடைகின்றனர்.

தேர்வு ஒரே நாளில் மூன்று அமர்வுகளாக நடப்பதால், ஓர் அமர்வின் வினாத்தாள் மற்றொன்றைவிடக் கடினமாக அமைந்துவிட வாய்ப்புண்டு. இதைச் சரிசெய்ய அமர்வுகளின் மதிப்பெண் பரவலை ஒப்பிட்டுச் சமன்படுத்தும் புள்ளியியல் முறை கையாளப்படுகிறது. கடினமான தாள் தனக்கு வந்து வாய்த்தது என்பதை மட்டும் காரணமாகக் கொண்டு மறுமுறை எழுதத் துணிவது, ஆதலால், உறுதியான அடிப்படை ஆகாது.

அளவையின் பிழையும் பயிற்சியின் பயனும்

எந்தத் தேர்வும் ஒருவரது ஆற்றலைத் துல்லியமாக அளப்பதில்லை. ஒரே மாணவரை ஒரே கடினமுள்ள இரு தாள்களை அடுத்தடுத்த நாள்களில் எழுதச் செய்தால் இரு வேறு மதிப்பெண்கள் வரும். உறக்கம், உடல்நிலை, தனக்குப் பழக்கமான வினாக்கள் வந்தமைந்த தற்செயல் ஆகியவை இதற்குக் காரணம். தேர்வியலார் இதனை அளவைப் பிழை என்பர். 200 முதல் 800 வரை புள்ளியிடப்பட்ட பழைய ஜிமேட் தேர்வின் மொத்தப் புள்ளியில் இப்பிழை 30 முதல் 40 புள்ளி எனக் கணிக்கப்பட்டிருந்தது. அதாவது 600 பெற்றவரும் 630 பெற்றவரும் ஆற்றலில் வேறுபட்டவர்கள் என்று உறுதியாகக் கூற இயலாது. அளவிடும் அமைப்பே இதை ஒப்புக்கொண்டிருக்க, சதமானத்தில் தசமப் புள்ளிகளைக் கொண்டு மாணவர்களைத் தரம் பிரித்து வீட்டிலும் தெருவிலும் பேசுவது பொருத்தமன்று.

இப்பிழையிலிருந்து ஒரு முக்கியமான முடிவு பிறக்கிறது. மறுமுறை எழுத வருவோர் யாவர்? பெரும்பாலும் தம் வழக்கமான பயிற்சி மதிப்பெண்ணைவிடத் தேர்வு நாளில் குறைவாகப் பெற்றவர்கள். எதிர்பார்த்ததைவிட அதிகம் பெற்றவர் மீண்டும் எழுதுவதில்லை; எங்கேனும் சேர்ந்துவிடுகிறார். தற்செயலால் கீழிறங்கியவர்களின் கூட்டம் அடுத்த முறை எழுதும்போது, தனிப்பட்ட முயற்சி ஏதுமின்றியே, சராசரியாகச் சற்று மேலேறும். அவரவர் தம் இயல்பான நிலைக்குத் திரும்புவதே இது. பயிற்சி நிலையங்கள் தம் மறுமுறை மாணவர்களின் முன்னேற்றத்தை விளம்பரம் செய்யும்போது, அம்முன்னேற்றத்தில் கற்பித்தலால் வந்தது எவ்வளவு, இவ்வாறு தானே வந்தது எவ்வளவு எனப் பிரித்துக் காட்டுவதில்லை. பிரித்துக் காட்டும்படி பெற்றோர் கேட்பதும் இல்லை.

எனவே முதல் கேள்வி எளிமையானது. தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதங்களில் எழுதிய மாதிரித் தேர்வுகளின் சராசரியைவிட உண்மைத் தேர்வின் மதிப்பெண் வெகுவாகக் குறைந்ததா? குறைந்திருந்தால் மறுமுறை எழுதுவதற்கு நியாயம் உண்டு. இரண்டும் ஏறத்தாழ ஒன்றாயிருந்தால் தேர்வு அவரைச் சரியாகவே அளந்திருக்கிறது. அந்நிலையில் அடிப்படைத் திறனையே உயர்த்தினாலன்றி மறு முயற்சி பயன் தராது.

எத்திறனை ஓராண்டில் உயர்த்தலாம் என்பதிலும் வேறுபாடு உண்டு. தாள் மூன்று பகுதிகளைக் கொண்டது: ஆங்கில மொழித்திறனும் வாசிப்பும், தரவு விளக்கமும் தர்க்கமும், அளவைத்திறன் எனப்படும் கணிதம். ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். கணிதப் பகுதியின் பாடங்கள் பெரும்பாலும் பத்தாம் வகுப்பு வரையிலான எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல் ஆகியவையே. வணிகவியலோ கலையோ படித்துக் கணிதத்தை விட்டுவிட்ட பட்டதாரி, ஒழுங்காக எட்டு மாதம் உழைத்தால் இழந்ததை மீட்டுக்கொள்ளலாம். ஆங்கில வாசிப்பு அவ்வாறன்று. தண்டுப் பகுதி உருவான காலந்தொட்டு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவும் வாழும் நீலசந்திரா போன்ற இடத்தில், வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் உருதுவும் வழங்க, ஆங்கிலம் பள்ளி மணி அடித்ததும் முடிந்துவிடும் மொழியாக இருப்பது உண்டு. பொருளாதாரம், வரலாறு, தத்துவம், அறிவியல் குறித்த செறிவான கட்டுரைகளை விரைந்து படித்துப் பொருள் காணும் பழக்கம் சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதால் வருவதன்று. நாள்தோறும் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டு வாசித்தவருக்கே அது கைவரும். கப்பன் பூங்காவிலுள்ள மாநில மத்திய நூலகம் இதற்குக் கட்டணப் பயிற்சியைவிடச் சிறந்த இடம்.

யூக விடை குறித்தும் ஒரு சொல் கூறுவது பொருந்தும். தவறான விடை ஒன்றுக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படுகிறது. நான்கு விடைகளுள் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறிப்பவர், நான்கு முறையில் ஒருமுறை 3 பெற்று, மூன்று முறை 1 வீதம் இழப்பார். நிகர வரவு சுழியம். ஒரு விடையையேனும் தவறென உறுதியாக நீக்கிவிட்டால், மூன்று முறையில் ஒருமுறை 3 பெற்று, இருமுறை 1 வீதம் இழந்து, 1 மதிப்பெண் எஞ்சும். விடையைத் தட்டச்சு செய்ய வேண்டிய வினாக்களுக்குக் கழிவே இல்லை. முதல்முறை எழுதுவோர் அச்சத்தால் இவற்றையும் விட்டுவிடுகின்றனர். மறுமுறை எழுதுவோரின் ஏற்றத்தில் ஒரு பங்கு, புதிதாகக் கற்றதால் அன்றி, இவ்வச்சம் நீங்குவதால் வருவது.

தேர்வு முடிந்து சில நாள்களில் விடைக்குறிப்பும், மாணவர் தாம் அளித்த விடைகளின் பதிவும் தேர்வின் இணையதளத்தில் வெளியிடப்படுகின்றன. மறுமுறை எழுத எண்ணுவோருக்கு இதனினும் மதிப்புள்ள ஆவணம் வேறில்லை. எந்த வினாக்களைத் தொடாமல் விட்டார், எவற்றில் தவறினார் என்பதை வினா வினாவாகக் காட்டும் இப்பதிவு குறிப்பிட்ட காலம் மட்டுமே கிடைக்கும். ஏமாற்றத்தில் அதனைத் திறந்தும் பாராது விடுவோர் பலர்.

மாறுவனவும் மாறாதனவும்

தேர்வில் உயர் சதமானம் பெற்றால் இடம் உறுதி என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. பெங்களூர்க் கழகத்தின் தேர்ந்தெடுப்பு முறையில் நுழைவுத் தேர்வு ஒரு கூறு மட்டுமே. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு ஆகியவற்றின் மதிப்பெண்கள், பணி அனுபவம், மாணவர்களிடையே பாலினப் பன்மை ஆகியவையும் கணக்கில் சேர்கின்றன. நேர்காணலும் எழுத்துத் திறனாய்வும் பின்னர் வருகின்றன. இவற்றுள் மறுமுறை எழுதுவதால் மாறக்கூடியது நுழைவுத் தேர்வு மதிப்பெண் ஒன்றே. பதினைந்து வயதில் பத்தாம் வகுப்பில் பெற்ற மதிப்பெண் இருபத்து நான்கு வயதில் எத்தனை முறை தேர்வெழுதினாலும் அப்படியே நிற்கும். பள்ளி மதிப்பெண்கள் மிகக் குறைந்தவர், அவற்றுக்கு அதிக இடம் தரும் கழகத்தைக் குறிவைத்து ஆண்டுக்கணக்கில் எழுதுவது வீண். அவற்றுக்குக் குறைந்த இடம் தரும் நிறுவனங்களை, சேர்க்கை விதிகளை வாசித்து, முதலிலேயே தேர்ந்துகொள்வது அறிவுடைமை. விதிகள் ஆண்டுதோறும் இணையதளத்தில் வெளிவருகின்றன, வாசிப்போர்தாம் குறைவு.

முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இவ்வேற்பாடு நியாயமானதா என்பது விவாதத்துக்குரியது. படிக்க இடமில்லாத வீட்டில், பள்ளி முடிந்து கடையில் உதவி செய்த பிள்ளை பெற்ற பத்தாம் வகுப்பு மதிப்பெண், பின்னாளில் அவர் அடைந்த முதிர்ச்சியைக் காட்டாது. நீண்டகால ஒழுங்கான படிப்பு ஒரே நாள் தேர்வைவிட நம்பத்தக்க சான்று என்பது கழகங்களின் வாதம். அதிலும் உண்மை உண்டு. ஆனால் பின்னர்த் திருத்திக்கொள்ள வழியே இல்லாத ஓர் அளவைக்கு எவ்வளவு எடை தரலாம் என்பதை, சமுதாய நோக்கில், அவ்வப்போது மறுபரிசீலனை செய்தல் வேண்டும்.

மாறக்கூடிய மற்றொரு கூறு பணி அனுபவம். பட்டம் பெற்றபின் ஆற்றிய முழுநேரப் பணியே கணக்கில் கொள்ளப்படும். இங்குதான் மறு முயற்சியின் இரு வழிகள் பிரிகின்றன. வேலையில் இருந்துகொண்டே எழுதுபவர் ஊதியத்தையும் அனுபவத்தையும் ஒருங்கே சேர்க்கிறார். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் படிப்பவர் ஊதியத்தை இழக்கிறார். அனுபவ எடையை இழக்கிறார். நேர்காணலில் அவ்விடைவெளிக்கு விளக்கமும் கூற வேண்டியிருக்கிறது. எடுத்துக்காட்டாக, மாதம் 25,000 ரூபாய் ஈட்டும் வணிகவியல் பட்டதாரி ஒருவரைக் கொள்வோம். அவர் 11 மாதம் வேலையின்றிப் படித்தால் இழப்பது 2,75,000 ரூபாய். பயிற்சிக் கட்டணமும் நுழைவுக் கட்டணங்களும் இதன்மேல் சேரும். வீட்டு வாடகையில் பாதியை அவர் ஊதியம் தாங்கிக்கொண்டிருந்தால், அந்த ஓராண்டின் சுமை தந்தையின் கடனாகவோ தங்கையின் படிப்பு நிறுத்தமாகவோ மாறிவிடக்கூடும். பெருந்தெருக்களின் வசதியுள்ள இல்லங்களில் இது சேமிப்பிலிருந்து வரும் செலவு. ஒரே விதி இருவருக்கும் இரு வேறு விலையைக் கேட்கிறது.

பெண் பட்டதாரிகளுக்கு இவ்விலை இன்னும் கூடுதல். ஓராண்டு காத்திருப்பது என்றவுடன் திருமணப் பேச்சு எழாத நடுத்தர வீடுகள் இன்றும் சிலவே. 2024 தேர்வில் 100 சதமானம் பெற்ற 14 பேருள் 13 பேர் ஆண்கள். ஒருவர் மட்டுமே பெண். இதன் காரணங்கள் பல. மறுமுறை எழுதும் சுதந்திரம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக இல்லை என்பதையும் அவற்றுள் ஒன்றாகக் கருத இடமுண்டு.

இடம் கிடைத்தபின் வரும் செலவு தனிக் கணக்கு. பெங்களூர்க் கழகத்தின் ஈராண்டுப் படிப்புக்கான கட்டணம் 20 லட்சம் ரூபாய்க்கும் மேல். இதற்கு வங்கிக் கடன் கிடைப்பதில் முன்போல் இடர் இல்லை. 2024 நவம்பர் 6ஆம் நாள் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதம மந்திரி வித்யாலட்சுமி திட்டம், தரமான உயர்கல்வி நிறுவனங்களில் இடம் பெற்றோருக்குப் பிணையின்றிக் கல்விக் கடன் பெற வழி செய்கிறது. ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்கு, பிற அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறாத நிலையில், 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவிகித வட்டிச் சலுகையும் உண்டு. ஆனால் இடம் பெறுமுன் ஆயத்தத்துக்காகச் செலவிடும் ஆண்டுக்கு இத்தகைய உதவி இதில் இல்லை.

நாடு முழுவதும் மறுமுறை எழுதிய நாள்கள்

மாணவரின் விருப்பமின்றியே மறுதேர்வு எழுத நேர்ந்த நிகழ்ச்சிகளும் உண்டு. 2003 நவம்பர் 23ஆம் நாள் நடந்த தேர்வின் வினாத்தாள் முன்கூட்டியே வெளியாகிவிட்டதை மத்தியப் புலனாய்வுத் துறை கண்டறிந்தது. தேர்வு ரத்து செய்யப்பட்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் 2004 பிப்ரவரி 15ஆம் நாள் மீண்டும் எழுதினர். அச்சடித்த தாள்களை நாடெங்கும் அனுப்பும் முறையின் பலவீனத்தை அது வெளிப்படுத்தியது.

2009இல் தேர்வு கணினிக்கு மாறியது. ஒரே நாளுக்குப் பதில் பத்து நாள்களுக்குத் தேர்வு விரிக்கப்பட்டது. முதல் நாள்களிலேயே பல மையங்களில் கணினிகள் செயலிழந்தன. கான்ஃபிக்கர், நிம்டா என்னும் கணினி நச்சுநிரல்கள் காரணமாகக் கூறப்பட்டன. பாதிக்கப்பட்டோருக்கு 2010 ஜனவரி 30, 31 நாள்களில் மறுதேர்வு நடந்தது. 2003இல் எல்லோரும் எழுத வேண்டியிருந்தது. 2009இல் பாதிக்கப்பட்டோர் மட்டும் எழுதினர். பல அமர்வுகளில் எழுதியோரைச் சமன்படுத்தி ஒப்பிடும் புள்ளியியல் முறை இருந்ததால்தான் அது இயன்றது.

சமன்படுத்த முடியுமாயின், ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் தேர்வு நடத்தலாகாதா என்னும் வினா இயல்பாக எழும். ஜிமேட் தேர்வை 16 நாள் இடைவெளிவிட்டு, 12 மாதத்துக்குள் 5 முறை வரை எழுதலாம். மதிப்பெண் 5 ஆண்டு செல்லுபடியாகும். பொறியியல் நுழைவுக்கான முதல்நிலைக் கூட்டுத் தேர்வு 2019 முதல் ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நடத்தப்பட்டு, உயர்ந்த மதிப்பெண்ணே ஏற்கப்படுகிறது. பொறியியல் முதுகலைக்கான 'கேட்' தேர்வு, பெயரொலியில் ஒன்றாயினும் வேறானது. அதன் மதிப்பெண் 3 ஆண்டுக்குச் செல்லும்.

ஆண்டுக்கு இருமுறை என்னும் யோசனைக்கு எதிர்வாதமும் வலுவானது. வினாக்களின் வங்கி பெரிதாக வேண்டும், செலவு இரட்டிக்கும், இருமுறையும் கட்டணம் செலுத்த வல்லவரே இரட்டை வாய்ப்பைப் பெறுவர். மேலும், இடங்களின் எண்ணிக்கை மாறாதபோது எல்லோரும் இருமுறை எழுதினால் வரிசையில் ஒருவருக்கும் நிகர ஏற்றம் இல்லை. செல்லுபடிக் காலத்தை இரண்டு ஆண்டாக நீட்டிப்பது இதனினும் மலிவான சீர்திருத்தம். உயர்ந்த சதமானம் பெற்றும் தந்தையின் நோயாலோ நேர்காணல் தவறியதாலோ சேர இயலாது போனவர், தாம் ஏற்கெனவே நிரூபித்ததை மறுபடி நிரூபிக்க ஓராண்டு செலவிட வேண்டியிராது. தேர்வெழுதுவோர் எண்ணிக்கையும் சற்றுக் குறையும். ஈராண்டு மதிப்பெண்களை ஒரே பட்டியலில் ஒப்பிடுவதற்குரிய சமன்பாட்டு முறையை வகுப்பது கடினம்தான். ஆயினும் பிற தேர்வுகள் அதைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

அதுவரை மறுமுறை எழுதுவோர் இருக்கும் விதிகளுக்குள்ளேயே இயங்க வேண்டும். இதில் அலுவலகங்களின் பங்கு சிறிதன்று. இட ஒதுக்கீட்டின்கீழ் விண்ணப்பிக்கும் பலர், முந்தைய ஆண்டின் சான்றிதழே போதும் என்று எண்ணி மறுமுறை இடர்ப்படுகின்றனர். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான சான்றிதழ் முந்தைய நிதியாண்டின் வருமானத்தை வைத்து வழங்கப்படுவது. அடுத்த ஆண்டு புதிதாகப் பெற வேண்டும். பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்தோர் அல்லாதார் என்னும் சான்றிதழும் சேர்க்கை அறிவிப்பில் குறித்த காலத்துக்குள் வழங்கப்பட்டிருத்தல் வேண்டும். கர்நாடகத்தின் 1, 2அ, 2ஆ, 3அ, 3ஆ என்னும் மாநிலப் பிரிவுகள் இங்குச் செல்லா; மத்தியப் பட்டியலில் அச்சாதி இடம்பெற்றிருந்து, மத்திய அரசின் படிவத்தில் சான்றிதழ் வழங்கப்பட்டிருக்க வேண்டும். தமிழகத்திலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தின் பிள்ளைக்குத் தந்தையின் சொந்த மாநிலம் எது என்னும் வினாவும் தாசில்தார் அலுவலகத்தில் எழும். பதிவு ஆகஸ்டில் தொடங்கிச் செப்டம்பரில் முடிவதால், இதற்கான மனுவை ஏப்ரல், மே மாதங்களிலேயே அளித்துவிடுவது நலம்.